நாகசாகியின் சமாதானப் பூங்காவில்

ஹிரோஷிமா, நாகசாகி என்னும் இரண்டு பெயர்களையும் இரட்டைப் பிள்ளைகளின் பெயர்களைப் போல ஒரே மூச்சில் சொல்லி நாம் பழகிவிட்டோம். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் முதல் நகரமும், 9-ஆம் நாள் இரண்டாம் நகரமும் அணுகுண்டுக்கு இரையாயின என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அவ்விரு நகரங்களும் தம் துயரத்தைச் சுமந்த விதம் வேறு வேறு. 'ஹிரோஷிமா சினங்கொள்கிறது, நாகசாகி செபிக்கிறது' என்று ஜப்பானியரிடையே ஒரு வழக்கு உண்டு.

நாகசாகி செபிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்குக் குண்டு வெடித்தது உராகாமி என்னும் பள்ளத்தாக்கின் மேல். ஜப்பான் நாட்டில் கத்தோலிக்க மக்கள் மிகுதியாக வாழ்ந்த இடம் அது. இருநூற்றைம்பது ஆண்டு வேதகலாபனையைத் தாங்கி விசுவாசத்தைக் காத்த மக்கள், ஒரு கணத்தில் ஆயிரமாயிரமாக மாண்டனர். இவ்வளவு பெரிய அழிவைக் கடவுளின் திருமுன் எவ்வாறு எடுத்துச் சொல்வது? இதற்கு அவரா பொறுப்பு? நாமா? நாகசாகியின் நினைவுப் பூங்காக்களில் கால் வைக்கும் எவரையும் இக்கேள்வி பின்தொடர்கிறது. அம்மக்கள் அதற்குக் கண்ட விடையைத் தேடியே, வாசக அன்பர்களே, நாமும் அங்குச் சென்று வருவோம்.

கருங்கல் தூண்

ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷுத் தீவில், மலைகளுக்கிடையே நீண்டு நுழையும் ஒரு கடற்கழியின் தலைப்பில் அமைந்தது நாகசாகி. ஊரின் ஊடே இன்றும் டிராம் வண்டிகள் ஓடுகின்றன. துறைமுகத்திலிருந்து வடக்கே செல்லும் வண்டியில் ஏறினால், உராகாமி ஆற்றின் ஓரமாக ஓடி, 'சமாதானப் பூங்கா' என்னும் நிறுத்தத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. அங்கிருந்து சில நிமிட நடையில், மரங்கள் சூழ்ந்த அமைதியான ஒரு திடல். அதன் நடுவே கன்னங்கரிய கல்தூண் ஒன்று வானை நோக்கி நிற்கிறது. அந்தத் தூணுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில்தான் அன்று முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்தது.

குண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி அன்று. வடக்கே உள்ள கொகூரா நகரையே அழிக்கக் கட்டளை. கொகூராவின் மேல் மேகமும் புகையும் மூடிக் கிடக்க, விமானம் மும்முறை சுற்றியும் இலக்கைக் காணவில்லை. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் இலக்கான நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். ஓர் இடைவெளியில் நிலம் தெரிந்ததும் குண்டை விடுத்தனர். குறித்திருந்த நகர நடுவைவிட்டு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வடக்கே, உராகாமியின் மேல் அது வெடித்தது.

அந்தக் கணத்தில் கீழே நிலத்தின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி வரை ஏறியதாகக் கணித்திருக்கிறார்கள். அப்போது நகரில் இருந்தோர் ஏறத்தாழ 2,40,000 பேர். அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். காயமுற்றோரும் ஏறக்குறைய அதே தொகையினர். பின்னும் பல்லாண்டுகள், வெளியே காயமொன்றும் இல்லாதவர்கள்கூடக் கதிர்வீச்சு தந்த நோய்களால் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 9 அன்று, அவ்வாண்டில் இறந்தவர்களின் பெயர்களை இறந்தோர் பட்டியலில் சேர்க்கிறார்கள். இன்று அது ஏறத்தாழ இரண்டு லட்சம் பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

திடலின் ஒரு பக்கத்தில் சிற்றோடை ஒன்று ஓடுகிறது. அதன் கரையில், அன்றைய நிலத்தின் ஓர் அடுக்கைத் தோண்டிக் கண்ணாடியிட்டு மூடி வைத்திருக்கிறார்கள். உடைந்த ஓடுகள், செங்கல் துண்டுகள், உருகி உறைந்த கண்ணாடி: ஏதோ ஒரு வீட்டின் அடுக்களைப் பொருள்கள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. பெரிய எண்கள் சொல்லாததை இந்தச் சிறு துண்டுகள் சொல்லிவிடுகின்றன.

கருங்கல் தூணுக்கு அருகிலேயே ஒரு செங்கற்சுவரின் எஞ்சிய பகுதி நிற்கிறது. அதன் உச்சியில் புனிதர் சுரூபங்கள். உராகாமிப் பேராலயத்தின் இடிபாட்டிலிருந்து 1958-இல் இங்குக் கொண்டுவந்து நிறுத்திய சுவர் அது. திடலின் இன்னொரு பக்கத்தில், 1979-இல் எழுப்பப்பட்ட எளிய கல் ஒன்று, குண்டுக்கு இரையான கொரிய மக்களை நினைவூட்டுகிறது. ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த கொரியாவிலிருந்து, சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் பலர். நாகசாகி போர்க்கப்பல்களும் டார்ப்பிடோக்களும் செய்த நகரம். ஜப்பானும் அப்போரில் அண்டை நாடுகளுக்குக் கொடுமை இழைத்தது. அந்தச் சிறிய கல் அதை மறக்கவிடாமல் அங்கே நிற்கிறது.

வானையும் மண்ணையும் காட்டும் கைகள்

அங்கிருந்து வடக்கே ஒரு சிறு குன்று. அதன்மேல் அமைந்திருப்பதே 1955-இல் திறக்கப்பட்ட சமாதானப் பூங்கா. படியேற இயலாத முதியோர்க்கென நகரும் படிகளும் உண்டு. மேலே ஏறியதும் முதலில் கண்ணில் படுவது நீரூற்று. 1969-இல் கட்டியது. வட்டத் தொட்டியிலிருந்து எழும் நீர், புறா சிறகடிப்பதைப் போல விரிந்து தாழ்கிறது. அழகுக்காக மட்டும் அமைத்ததன்று இவ்வூற்று. குண்டு வெடித்த நாளில் வெந்து கருகியவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: தண்ணீர். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமலே இறந்தவர்கள் எத்தனையோ பேர். தாகம் தாளாமல், மேலே எண்ணெய்போல் ஏதோ மிதந்த நீரை அப்படியே குடித்த ஒரு சிறுமியின் சொற்கள் ஊற்றின் முன் கல்லில் பொறித்திருக்கின்றன. சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் தாகத்தையே சொன்னார் என்பதை அறிந்த நாம், அந்தக் கல்லைக் கடந்து விரைவாகப் போக முடியாது. ஆண்டுதோறும் நினைவு நாளில், இறந்தவர்களுக்கென்று முதலில் படைப்பதும் தண்ணீரே.

ஊற்றுக்கு அப்பால் புல்தரையில் தாழ்ந்த சுவர்களின் அடித்தளம் தெரிகிறது. இந்த இடத்தில் முன்பு ஒரு சிறைச்சாலை இருந்தது. கைதிகள் 81 பேர், காவல் ஊழியர் 18 பேர், ஊழியர் இல்லங்களில் இருந்தோர் 35 பேர், ஆக 134 பேரும் ஒரே கணத்தில் மாண்டனர். கைதிகளுள் சீனர் 32 பேர். கொரியர் 13 பேர். காவலன், கைதி என்ற வேற்றுமை குண்டுக்குத் தெரியவில்லை.

பாதையின் இருபுறமும் பல நாடுகள் அனுப்பிய சிலைகள் நிற்கின்றன. போர்த்துக்கல், செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, சோவியத் ரஷ்யா, சீனம், இத்தாலி என்று அந்த வரிசை நீள்கிறது. குண்டைப் போட்ட அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்திலிருந்தும் 1992-இல் ஒரு சிலை வந்து சேர்ந்தது. அனுப்பிய நாடுகளுள் சில இன்று உலகப் படத்திலேயே இல்லை. அவை தந்த சிலைகள் மட்டும் நிற்கின்றன.

பாதையின் முடிவில் பெரிய வெண்கலச் சிலை. நாகசாகி மாநிலத்தவரான சிற்பி செய்போ கித்தாமுரா வடித்தது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். வலது கை மேலே வானைச் சுட்டுகிறது. அணு ஆயுதத்தின் ஆபத்து அங்கிருந்து வரும் என்பது பொருள். இடது கை கிடையாக நீண்டு சமாதானத்தைக் குறிக்கிறது. மெல்ல மூடிய கண்கள் இறந்தோர்க்காகச் செபிக்கின்றன. மடித்த வலது கால் தியானத்தைக் காட்ட, ஊன்றிய இடது காலோ எழுந்து சென்று உதவக் காத்திருக்கிறது. செபமும் செயலும் ஓர் உருவில் அமைந்த சிலை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். இச்சிலை எழுந்தது 1955-இல். குண்டால் நோயுற்றவர்களுக்கு அரசு செலவில் மருத்துவம் செய்யச் சட்டம் வந்ததோ 1957-இல்தான். சிலைக்கு நிதி திரண்ட நாட்களில், அதன் நிழல் விழும் தொலைவிலேயே மருந்துக்கு வழியற்றவர்கள் படுத்துக் கிடந்தனர். பாதிக்கப்பட்டோருள் சிலர் அதைச் சொல்லி அன்றே வருந்தினர். நினைவுச் சின்னம் எழுப்புவது எளிது. நினைவுக்குரியவர்களைப் பேணுவதே கடினம்.

செங்கல் செங்கல்லாக எழுந்த ஆலயம்

பூங்காவிலிருந்து கிழக்கே நோக்கினால், மேட்டின்மேல் இரண்டு கோபுரங்களுடன் செந்நிறப் பேராலயம் ஒன்று தெரிகிறது. அதுவே உராகாமிப் பேராலயம். அதை அடையும்முன் அம்மக்களின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து மறைபரப்பிய புனித சவேரியாரே, 1549 ஆகஸ்டு 15 அன்று, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், கியூஷுவின் ககோஷிமாவில் இறங்கி அந்நாட்டுக்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். அரை நூற்றாண்டுக்குள் கலாபனை தொடங்கிற்று. 1597 பெப்ருவரி 5-ஆம் நாள், நாகசாகியின் நிஷிசாக்காக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையுண்டனர். அவர்களுள் ஒருவர், மும்பைக்கு அருகே வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614-இல் வேதம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். கிறிஸ்தவர்களைக் கண்டுபிடிக்க, ஆண்டவர் அல்லது தேவமாதாவின் உருவம் பொறித்த தகட்டை ஆண்டுதோறும் காலால் மிதிக்கச் செய்தனர்.

உராகாமி மக்கள் குருவின்றி, திருப்பலியின்றி, ஏழு தலைமுறையாக மறைவில் வாழ்ந்தனர். திருநாட்களைக் கணித்துச் சொல்ல ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் எனத் தங்களுக்குள்ளேயே அமைத்துக்கொண்டு, செபங்களைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகக் கற்பித்து வந்தனர். வெளிநாட்டவர்க்கென நாகசாகியில் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்துக்கு 1865 மார்ச் 17 அன்று அவர்களுள் சிலர் வந்தனர். அங்கிருந்த பிரெஞ்சுக் குரு பெத்திஜானிடம் ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெதுவாகச் சொல்லி, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். திருச்சபை வரலாற்றில் கண்ணீரோடு வாசிக்க வேண்டிய பக்கம் அது.

ஆயினும் சோதனை தீரவில்லை. தடை அப்போதும் நடைமுறையில் இருந்ததால், 1868 முதல் 1873 வரை உராகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டனர். அறுநூறு பேருக்கு மேல் அங்கேயே மாண்டனர். 1873-இல் தடை நீங்கித் திரும்பி வந்தவர்கள் காடாகக் கிடந்த வயல்களையே கண்டனர். வறுமையிலும் அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். முன்பு தங்களைத் தகட்டின்மேல் மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் வளவையே விலைக்கு வாங்கினர். அந்த மண்ணில் 1895-இல் ஓர் ஆலயம் கட்டத் தொடங்கினர். செங்கல் செங்கல்லாக எழுந்து, 1914-இல் அது அபிஷேகம் பெற்றது. 1925-இல் இரு கோபுரங்களும் முடிந்தன. கிழக்காசியாவிலேயே பெரிய ஆலயம் என்று அது பெயர் பெற்றது.

1945 ஆகஸ்டு 9. விண்ணேற்புத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள். மக்கள் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆலயத்துக்கு வந்திருந்தார்கள். குருக்கள் இருவர் உள்ளே இருந்தனர். குண்டு வெடித்த இடத்துக்கும் ஆலயத்துக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 500 மீட்டர். உள்ளே இருந்த ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. உராகாமியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். இருநூற்றைம்பது ஆண்டுக் கலாபனையால் செய்ய முடியாததை ஒரு குண்டு ஒரு நொடியில் செய்தது.

இப்போது நாம் காண்பது 1959-இல் மீண்டும் கட்டி, 1980-இல் பழைய தோற்றத்தை ஒட்டிச் செங்கல் போர்த்திய ஆலயம். வெளியே சரிவில், அன்று முறிந்து உருண்ட கோபுரத்தின் தலை இன்னும் கிடக்கிறது. முற்றத்தில் கரிந்த முகமும் உடைந்த உடலுமாகப் புனிதர் சுரூபங்கள் நிற்கின்றன. உள்ளே ஒரு சிற்றாலயத்தில், பழைய பீடத்தின்மேல் இருந்த மரத்தாலான மாதா சுரூபத்தின் தலை மட்டும் இருக்கிறது. போர்முனையிலிருந்து திரும்பிய துறவி ஒருவர் இடிபாட்டில் கண்டெடுத்துத் தம் மடத்துக்குக் கொண்டு சென்று, முப்பது ஆண்டு காத்து, 1975-இல் திருப்பித் தந்த தலை அது. கண்ணாடி விழிகள் வெந்து போயின. கண்கள் இருந்த இடத்தில் இருண்ட குழிகள். கன்னத்தில் கரிந்த தழும்பு. வியாகுல அன்னையின் படங்களை நம் வீடுகளில் நாம் அறிவோம். இந்த அன்னைக்கோ அழுவதற்கும் கண்கள் இல்லை.

மூன்று விடைகள்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கு வருவோம். ஏன் இந்த மக்களுக்கு இந்தச் சாவு?

முதல் விடையை அயலார் சிலர் சொன்னார்கள்: அந்நிய தேவனை வணங்கியதற்கு வானம் தந்த தண்டனை இது என்று. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த தாய்மாரின் காதில் இந்தச் சொல் விழுந்தது.

இரண்டாம் விடையைச் சொன்னவர் டாக்டர் தகாஷி நாகாய். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறையில் பணிசெய்தவர். 1934-இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் மனைவி மிதோரி, கலாபனைக் காலத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவத் தலைவர்களின் வழித்தோன்றல். கதிர்களோடு பணிசெய்து இரத்தப் புற்றுநோய் கண்டிருந்த அவர், குண்டு வெடித்தபோது தாமே காயமுற்று இரத்தம் ஒழுக, மற்றவர்களுக்கு மருத்துவம் செய்தார். பின்னர் வீடு இருந்த இடத்துக்கு வந்து சாம்பலைக் கிளறினார். மனைவியின் எலும்புகள் கிடைத்தன. அருகே வெந்து உருகிய ஜெபமாலை. வாளியில் எலும்புகளை அள்ளிச் சென்று அடக்கம் செய்தார். மலைப்புறத்தில் பாட்டியிடம் இருந்த இரு குழந்தைகளும் பிழைத்திருந்தனர்.

அவ்வாண்டு நவம்பர் 23 அன்று, ஆலய இடிபாட்டின் முன் இறந்தோர்க்கான திருப்பலி நிறைவேறியபோது, நாகாய் எழுந்து பேசினார். இது தண்டனை அன்று, தகனபலி என்றார். உலகப் போரின் பாவத்துக்குப் பரிகாரமாக, மாசற்ற செம்மறியைப் போல உராகாமி தேர்ந்துகொள்ளப்பட்டது என்றும், அதன்பின் ஆகஸ்டு 15 அன்று, மாதாவின் திருநாளிலேயே, போர் ஓய்ந்தது என்றும் சொன்னார். அழுதுகொண்டிருந்த மக்களுக்கு அச்சொல் மருந்தாயிற்று. சபிக்கப்பட்டவர்கள் என்ற இழிசொல்லை அது துடைத்தது. பின்னர் அவருக்கென இரண்டே பாய் அகலத்தில் ஒரு சிறு குடிலை மக்கள் கட்டித் தந்தனர். தன்னைப் போலவே அயலானையும் நேசிக்கும்படி ஆண்டவர் இட்ட கட்டளையை நினைந்து, 'தன்னைப் போல' என்று பொருள்படும் நியோக்கோதோ என்ற பெயரை அதற்கு இட்டார். படுத்த படுக்கையில் நூல்கள் எழுதி, வந்த வருவாயில் உராகாமியின் சாம்பல் நிலத்தில் நடுவதற்கு ஆயிரம் செர்ரி மரக்கன்றுகள் தந்து, 1951 மே முதல் நாள் உயிர் நீத்தார். பேராலயத்துக்கு அருகே அக்குடில் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் எவருக்கும் அம்மனிதரின் புனிதத்தைப் பற்றி ஐயம் எழாது.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அவர் விடையைக் கேட்டு மனம் கலங்கியவர்களும் இருந்தனர். இது கடவுளின் திட்டம் என்றால், போரைத் தொடங்கியவன் எங்கே? குண்டைச் செய்தவன் எங்கே? பலியான ஆட்டுக்குட்டி வாய் திறக்கலாகாது என்று எண்ணி, உராகாமியின் கத்தோலிக்கர் பலர் தங்கள் துயரத்தை வெளியே சொல்லாமலே முப்பது ஆண்டுக்கு மேல் அடக்கிக்கொண்டனர்.

மூன்றாம் விடை 1981-இல் வந்தது. பெப்ருவரி 25 அன்று ஹிரோஷிமாவில், பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், போர் மனிதனின் செயலே என்று உரக்கச் சொன்னார். கடந்ததை நினைவுகூர்வது வருங்காலத்துக்குப் பொறுப்பேற்பதே என்றும் சொன்னார். மறுநாள் நாகசாகியில், சமாதானப் பூங்காவுக்கு அண்மையில் உள்ள விளையாட்டுத் திடலில், கொட்டும் பனியில் பல்லாயிரம் மக்களோடு அவர் திருப்பலி நிறைவேற்றினார். மனிதனின் செயல் என்ற அந்தச் சிறு சொல், அடைத்திருந்த வாய்களைத் திறந்தது. கடவுளின்மேல் குறை சொல்வதாகுமோ என்று அஞ்சியிருந்தவர்கள், தாங்கள் கண்டதைப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் சொல்லத் தொடங்கினர். மனிதன் செய்ததை மனிதன் செய்யாமலும் இருக்கலாம் அன்றோ?

இந்த மூன்றாம் விடை நாகாயின் விடையைப் பொய்யாக்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆண்டவரின் பாடும் உலகின் மீட்புக்கான பலியே. ஆனாலும் அவரைத் தீர்ப்பிட்டவனும் அறைந்தவனும் குற்றம் நீங்கியவர்கள் ஆகவில்லை. இறந்தவர்களின் சாவைக் கடவுள் தம் கரங்களில் ஏற்றுக்கொள்வார் என்று நம்பலாம். ஆனால் கொன்ற கையின் கணக்கை அவர் தலையில் எழுதலாகாது.

அந்தக் கணக்கு நம்மையும் தொடுகிறது. நாகசாகியின்மேல் விமானத்தைச் செலுத்தியவர் ஒரு கத்தோலிக்கர். டினியன் தீவில் அவ்விமானப் படையினருக்கு ஆன்ம குருவாய் இருந்தவர் ஜார்ஜ் ஸபெல்கா என்னும் அமெரிக்கக் குரு. அன்று எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்ததைத் தம் பாவமென்று பின்னாளில் அவர் ஊரறிய அறிக்கையிட்டார். போரை முற்றும் மறுக்கும் நெறியைத் தழுவினார். 1980-களில் ஜப்பானுக்குச் சென்று மன்னிப்பும் கேட்டார். ஒரே நற்கருணையை உண்டவர்கள் மேலேயும் இருந்தார்கள், கீழேயும் இருந்தார்கள். இதைவிட வேதனையான செய்தி நாகசாகியில் வேறொன்று இல்லை.

இரண்டு மணிகள்

பேராலயத்தின் கோபுரங்களில் இரண்டு மணிகள் இருந்தன. குண்டுக்குப் பின் ஒன்று நொறுங்கிற்று. மற்றது மண்ணில் புதைந்தும் உடையாமல் கிடந்தது. 1945 கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், உயிர் தப்பியவர்கள் அதைத் தோண்டி எடுத்து, மரங்களை முக்காலியாக நிறுத்தித் தொங்கவிட்டு அடித்தார்கள். வீடற்று, இருளில், குளிரில் இருந்தவர்களின் காதில் அந்த ஓசை விழுந்தது.

மற்றொரு கோபுரம் எண்பது ஆண்டு மணியின்றி இருந்தது. அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் மருத்துவராய் இருந்த ஒருவரின் பேரர் முன்னின்று முயல, அமெரிக்கக் கத்தோலிக்கர் நிதி திரட்டிப் புதிய மணியொன்றை வார்த்தனுப்பினர். 2025 ஆகஸ்டு 9 அன்று முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு, இரண்டு மணிகளும் எண்பது ஆண்டுக்குப் பின் முதன்முறையாக ஒன்றாய் ஒலித்தன. குண்டைத் தந்த நாட்டிலிருந்து வந்த மணி, குண்டால் சாகாத மணியோடு சேர்ந்து ஒலித்தது. மன்னிப்பு என்பது மறதி அன்று. இரு மணிகளின் ஓசையும் தனித்தனியே கேட்கவே செய்யும்.

நினைவு நாளின் மாலையில் திருப்பலி முடிந்ததும், மக்கள் தீப்பந்தங்கள் ஏந்திப் பேராலயத்திலிருந்து சமாதானப் பூங்காவரை செபித்துச் செல்வது வழக்கம். 2019 நவம்பர் 24 அன்று பாப்பரசர் பிரான்சிஸ், குண்டு வெடித்த திடலில் கொட்டும் மழையில் மலர்வளையம் வைத்து, விளக்கேற்றி மௌனமாய் நின்றார். அணு ஆயுதமற்ற உலகம் இயலக்கூடியது, தேவையானது என்றார். அன்று மாலையே ஹிரோஷிமாவில், அவற்றைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்று கூறினார். 2024-இல், குண்டுக்குத் தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்கியோ நோபெல் சமாதானப் பரிசு பெற்றது. பதின்மூன்று வயதில் நாகசாகியில் குண்டைக் கண்டவரே அதன் சார்பில் ஆஸ்லோ நகரில் பேசினார். ஆயினும் உலகில் இன்னும் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் நம் நாடும் ஒன்று. ஆகவே நாகசாகியை யாரோ ஒருவரின் பழைய துயரமாக எண்ணி நாம் விலகி நிற்க முடியாது.

ஜப்பானியத் திருச்சபை, பாப்பரசரின் வருகைக்கு மறு ஆண்டாகிய 1982 முதல், ஆகஸ்டு 6 தொடங்கி 15 வரை பத்து நாட்களைச் சமாதானத்துக்கான நாட்களாக அனுசரித்து வருகிறது. நமக்கும் ஆகஸ்டு 15 இரட்டைத் திருநாள்: தேவமாதாவின் விண்ணேற்பு, நாட்டின் விடுதலை. அதற்கு முன்னுள்ள ஒன்பதாம் நாள் நம் இல்லங்களில் யாருக்கும் தெரியாமலே கழிந்துவிடுகிறது. அன்று மாலை குடும்ப ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உராகாமியில் இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால், பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்த மக்களைப் பற்றியும், தண்ணீர் கேட்ட சிறுமியைப் பற்றியும் சொல்லுங்கள். அதைச் செய்தது கடவுள் அன்று, மனிதரே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைத் தெரிந்து வளரும் பிள்ளை, சமாதானத்தைக் கடவுளிடம் கேட்பதோடு நில்லாமல், தன் கையாலும் செய்ய முற்படும்.